நிரலாளரும் செயற்கை நுண்ணறிவும்: சரிபார்க்கும் திறனே அடிப்படை

கணினிக்கான கட்டளைகளை மனிதர் எழுதும் முறை அடியோடு மாறுவது இது முதன்முறையன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1954இல் பணியைத் தொடங்கி 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், கணிதச் சூத்திரத்தை ஒத்த வரிகளை எழுதினாலே போதும். அவற்றை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் வேலையைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி நிரல் தானே செய்துகொள்ளும். கையால் எழுதப்படும் கட்டளைகளின் வேகத்துக்கு இது ஒருபோதும் ஈடாகாது என்று அக்கால நிரலாளர் பலர் ஐயுற்றனர். எழுத வேண்டிய வரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்தபோதும் நிரலாளர்களின் தேவை குறையவில்லை. கணினியைப் பயன்படுத்தக்கூடிய துறைகள் பெருகியதால் அது கூடவே செய்தது. இந்த வரலாற்றைச் சுட்டி இன்றைய அச்சங்களை ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இந்த ஒப்பீடு பொருந்தாமல் போகிறது. கம்பைலர் வரையறுக்கப்பட்ட இலக்கண விதிகளின்படி இயங்குவது. கொடுத்த வரியின் பொருளை மாற்றாமல் மொழிபெயர்ப்பதே அதன் கடமை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் அத்தகைய உறுதிமொழி எதுவும் இல்லை.

இக்கருவிகளின் உள்ளே இருப்பது பெரு மொழி மாதிரி எனப்படும் அமைப்பு. கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் வடிவமைப்பின் மேல் எழுந்த இம்மாதிரிகள், ஏராளமான உரைகளிலும் நிரல்களிலும் பயிற்சி பெற்று, இதுவரை வந்த சொற்துண்டுகளை வைத்து அடுத்த துண்டு எதுவாக இருக்கக்கூடும் என்று நிகழ்தகவின் அடிப்படையில் கணிக்கின்றன. டோக்கன் எனப்படும் இத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்தே கட்டுரையும் நிரலும் உருவாகின்றன. 2021இல் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட், நிரலாளர் ஒரு வரியைத் தொடங்கியதும் மீதியை முன்மொழிந்தது. 2022 நவம்பர் இறுதியில் வெளியான சாட்ஜிபிடி, கேள்வி கேட்டால் முழு நிரலையே எழுதித் தந்தது. அண்மைக்கால ஏஜென்ட் கருவிகளோ கோப்புகளைத் தாமே திறந்து, திருத்தி, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் மறுபடியும் முயல்கின்றன. இவை எல்லாவற்றிலும் விடை சரியாக இருப்பதற்கான வாய்ப்பு உண்டு, பல வேளைகளில் அது மிக அதிகமாகவும் உண்டு. ஆயினும் சரி என்பதற்கான உத்தரவாதத்தை மாதிரி தருவதில்லை, கருவியைப் பயன்படுத்துபவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கருவியால் வேலை உண்மையிலேயே விரைவுபடுகிறதா என்ற கேள்விக்கு, முரண்போலத் தோன்றும் இரண்டு ஆய்வுகள் விடை தருகின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஓர் எளிய இணையச் சேவையகத்தை எழுதும் பணி 95 நிரலாளர்களிடம் தரப்பட்டபோது, கோபைலட்டைப் பயன்படுத்தியவர்கள் அதைப் பயன்படுத்தாதவர்களைவிட 55.8 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர். 2025 ஜூலையில் மீட்டர் என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்விலோ, தாம் பல ஆண்டுகளாகப் பேணிவரும் பெரிய திறந்தமூல மென்பொருள்களில் 246 பணிகளைச் செய்த 16 அனுபவசாலிகள், செயற்கை நுண்ணறிவை அனுமதித்த பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டனர். நேரம் கூடியதைவிடவும் கவலை தருவது வேறொன்று: பணி முடிந்த பிறகும் தாம் 20 விழுக்காடு விரைவாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினர். முதல் ஆய்வின் பணி, முன்னர் பலரும் எழுதிப் பழகிய, வெறுந்தாளிலிருந்து தொடங்கும் சிறு பணி. இரண்டாம் ஆய்வில் பெரிய நிரல்தொகுப்பின் எழுதப்படாத மரபுகளைக் கருவி அறியாததால், அது தந்ததைப் படிப்பதிலும் திருத்துவதிலும் நேரம் கரைந்தது. கருவிகள் அதன்பின் வேகமாக முன்னேறிவருகின்றன என்பது உண்மைதான். ஆனால் விரைவாக வேலை நடக்கிறது என்ற உணர்வும் விரைவும் ஒன்றல்ல என்பதை, இக்கருவிகளைத் தம் பணிவாழ்க்கையில் ஏற்க விரும்பும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தம் பணிகள் சிலவற்றைக் கருவியோடும் சிலவற்றைக் கருவி இன்றியும் செய்து, நேரத்தையும் பின்னர் வெளிப்படும் பிழைகளையும் குறித்துவைத்து ஒப்பிடுவது அதற்கான எளிய வழி.

சரிபார்த்தல் என்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைத் தமிழ் நிரலாளர் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக எடுத்து, மாணவர் பெயருக்கு முன் அச்சிடும் ஒரு சிறு நிரல் தேவைப்படுவதாகக் கொள்வோம். கருவியிடம் கேட்டால், பெயர்ச் சரத்தின் முதல் குறியை எடுக்கும் ஒற்றை வரியை அது தந்துவிடக்கூடும். ஆங்கிலப் பெயர்களுக்கு அவ்வரி போதும். கண்ணன் என்ற பெயரைக் கொடுத்துச் சோதித்தாலும் ‘க’ என்று சரியாகவே வரும். ஆகவே நிரல் தேறிவிட்டதாகத் தோன்றும். முருகன் என்று கொடுத்தால் ‘மு’ வருவதற்குப் பதில் ‘ம’ வரும். செல்வம் என்று கொடுத்தால் ‘செ’ வருவதற்குப் பதில் ‘ச’ வரும். யூனிகோடு முறையில் ‘மு’ என்னும் உயிர்மெய் ஒரே குறியாக அன்றி, மகரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுவதே காரணம். கண்ணனோடு முருகனையும் சோதனையில் சேர்க்க வேண்டும் என்று எவருக்குத் தோன்றுகிறதோ அவரே அந்தப் பணிக்குத் தகுதியானவர். நிரல் வரியைத் தட்டச்சு செய்தது யார் என்பது அங்கே இரண்டாம் நிலைக் கேள்வி. பிழையைச் சுட்டிக்காட்டினால் கருவி உடனே திருத்திக்கொள்ளும் என்பதும் உண்மை, ஆனால் சுட்டிக்காட்டுவதற்கு ஒருவர் இருக்க வேண்டும்.

பாதுகாப்புத் தொடர்பான பிழைகள் இன்னும் மறைவானவை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் 47 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதியவர்கள் பாதுகாப்புக் குறைந்த நிரல்களை எழுதியதோடு, தம் நிரல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையையும் மற்றவர்களைவிட அதிகமாகக் கொண்டிருந்தனர். மாதிரிகள் சில வேளைகளில் உலகில் இல்லாத நிரல் தொகுதிகளின் பெயர்களைப் பரிந்துரைப்பதும், அதே பெயரில் தீய நிரலைப் பதிவேற்றி வைக்கும் விஷமிகளுக்கு அது வழி திறந்துவிடுவதும் ஆய்வுகளால் தெரியவந்துள்ளன. நிறுவனத்தின் மூலநிரலையோ வாடிக்கையாளரின் தரவையோ பொதுக் கருவிகளில் ஒட்டுவதைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. சாம்சங் நிறுவனம் தன் ஊழியர்கள் அவ்வாறு மூலநிரலை உள்ளிட்டது தெரிந்த பின், 2023 மே மாதத்தில் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. பணியிடத்தின் விதியை முதலில் கேட்டறிவதே முறை.

நிரல் எழுதாத தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும், ஏன், ஒரே துறையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இனி என்ன என்று கலங்கி நிற்போருக்கும், இந்த மாற்றத்தில் இடம் உண்டு. அது பலரும் எண்ணுவதைவிட அகலமானது. சரக்கு மற்றும் சேவை வரியை எடுத்துக்கொண்டால், 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விழுக்காட்டுப் படிநிலைகள் பெரும்பாலும் நீங்கி, 5, 18 ஆகியவையே முதன்மை விகிதங்களாயின. அதற்கு முன்னர் பயிற்சி முடிந்த மாதிரி, பட்டியலிடும் மென்பொருளுக்குப் பழைய விகிதங்களையே தயங்காமல் எழுதித் தரக்கூடும். இதைத் தவிர்க்க, நடைமுறையில் உள்ள ஆவணங்களைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாதிரியிடம் தரும் முறை ஒன்று கையாளப்படுகிறது. ரேக் என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இம்முறையில் விடை, மாதிரியின் நினைவைவிட முன்வைக்கப்பட்ட ஆவணத்தையே பெரிதும் சார்ந்திருக்கும். எந்த ஆவணம் நடைமுறையில் உள்ளது, எது காலாவதியானது, எந்த விதிக்கு எந்த விலக்கு என்பதை அறிந்தவர் அத்துறையில் உழைத்தவரே. அவ்வாறே, ஒரு மாதிரி தரும் விடைகளை அளக்க நூற்றுக்கணக்கான கேள்விகளையும் அவற்றுக்கு ஏற்கத்தக்க விடைகளையும் கொண்ட மதிப்பீட்டுத் தொகுப்பு தேவைப்படுகிறது. மென்பொருளை எங்கே தட்டினால் உடையும் என்று தேடிப் பழகிய சோதனைப் பொறியாளர்களுக்கு இது புதிய வேலையன்று, பழைய திறனின் நீட்சியே.

கற்றலைப் பொறுத்தவரை, மாதந்தோறும் பெயர் மாறும் கருவிகளைத் துரத்துவதைவிட அடிப்படைகளில் நேரம் செலவிடுவது பயன் தரும். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், தரவுக் கட்டமைப்புகள், கணினி வலையமைப்பு ஆகியவை கருவிகள் மாறினாலும் பழையனவாகிவிடுவதில்லை. ஐ.ஐ.டி.களின் பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் கட்டணமின்றிக் கற்கலாம், சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில், பணியில் இருந்துகொண்டே சேரலாம். அதே வளாகத்தின் ஏ.ஐ.ஃபார்பாரத் ஆய்வகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் மாதிரிகளைத் திறந்தமூலமாக வெளியிட்டுவருகிறது. அவற்றை இறக்கித் தம் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, எத்தனையோ சான்றிதழ்களைவிட ஆழமாகக் கற்பிக்கும்.

மிகுந்த அக்கறைக்கு உரியவர்கள் இப்போது கல்லூரியை விட்டு வெளியேறும் இளைஞர்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 22 முதல் 25 வயதுக்குட்பட்ட மென்பொருள் உருவாக்குநர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்துள்ளது. மூத்தவர்களிடம் அத்தகைய சரிவு இல்லை. இதற்கு வட்டி விகிதம் முதலான வேறு காரணங்களும் இருக்கலாம் என்று வாதிடப்படுகிறது. எனினும் சிறுசிறு பிழைகளைத் திருத்துதல், எளிய சோதனைகளை எழுதுதல், பழைய நிரலைப் படித்துக் குறிப்பு எழுதுதல் என, ஒரு ஃப்ரெஷர் தொழில் பழகிய பணிகளே கருவிகளுக்கு முதலில் கைமாறுகின்றன என்பது கண்கூடு. பிழையைக் கண்டதும் அடையாளம் காணும் மூத்தவரின் கண் அப்பணிகளில்தான் பயின்று வந்தது. அந்தப் படிக்கட்டை அகற்றிவிட்டு, பத்தாண்டுகள் கழித்து மூத்தவர்களை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்குப் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் மென்பொருள் நிறுவனங்களும் விடை சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில் குறிப்பிட்ட சில பணிகளைக் கருவியின் உதவியின்றிச் செய்யவைப்பது, கருவி எழுதிய நிரலை வரிவரியாக மூத்தவர் முன் விளக்கச் செய்வது, அந்த நேரத்தை வீண் செலவாகக் கணக்கிடாமல் பயிற்சிச் செலவாக ஏற்பது ஆகியவை நிறுவனங்கள் இன்றே தொடங்கக்கூடியவை. நிறுவனம் அதைச் செய்யாத இடத்தில் இளைஞர் தாமே செய்துகொள்ளலாம்: கருவி தந்த விடையைத் திறக்கும் முன் தம் விடையை எழுதிவைத்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.