பலபடிகள்: பிணைப்பும் பகுப்பும்

கல்லூரி விழா விருந்து முடிந்து இரண்டு திங்களுக்குப்பின், தோட்டத்துக் குப்பைக் குழியை யாம் நோக்க நேர்ந்தது. சோறுண்ட வாழையிலைகள் மட்கி மண்ணாயின. பாலிதீன் பைகளோ சிதையாது கிடந்தன. சோறும் இலையும் பையும் அடிப்படையில் ஓரினத்தன என்று இரசாயன நூலார் கூறுவர். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

மலர்கள் மாலையாதல் போலச் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பிணைந்து நீண்ட தொடராதலே பலபடி எனப்படும். மேனாட்டார் இதனைப் பாலிமர் என்பர். தொடரின் உறுப்பாகும் சிறு மூலக்கூறு ஒருபடியாம். இத்துணைப் பெரிய மூலக்கூறுகள் உண்டென ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் ஸ்டவுடிங்கர் 1920-இல் எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் ஏற்றிலர். அவரோ தம் கொள்கையினின்றும் வழுவாது உழைத்து, 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

பலபடிகள் தோற்றத்தால் இருவகைப்படும். மாப்பொருள், செல்லுலோஸ், பட்டு, ரப்பர்ப்பால் தரும் ரப்பர் முதலியன இயற்கை. பாலிதீன், நைலான் முதலியன செயற்கை.

பிணையும் முறையானும் அவை இருவகைய. எத்திலீன் மூலக்கூறுகள் தம் இரட்டைப் பிணைப்பு நெகிழ்ந்து, யாதும் இழவாது கைகோத்துப் பாலிதீன் ஆகும். இது கூட்டுப் பலபடி. நைலான் 6,6 உண்டாகுங்கால், இணைப்புத்தோறும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இது குறுக்கப் பலபடி.

வெப்பத்தால் அடையும் மாற்றம் பற்றியும் பகுப்பதுண்டு. பாலிதீனின் தொடர்கள் தனித்தனியே நிற்றலின், அது சூட்டில் இளகும், மீண்டும் வார்க்கத்தகும். 1907-இல் பேக்லாந்து கண்ட பேக்கலைட்டில் தொடர்கள் குறுக்கும் நெடுக்குமாய் வலைபோற் பிணைந்துள்ளன. ஆதலின் அஃது இறுகியபின் இளகாது. மிகக் காய்ச்சின் கருகும்.

இனி, சோற்றின் மாப்பொருளும் இலையின் செல்லுலோஸும் குளுக்கோஸ் என்னும் ஒரே ஒருபடியால் ஆயவை. குளுக்கோஸ்கள் பிணைந்து நிற்கும் நிலை மட்டுமே வேறு. அச்சிறு வேறுபாட்டால் முன்னது நமக்குச் செரிக்கிறது, பின்னது செரிப்பதில்லை. எழுத்து அவையேயாகவும் முறைமாறின் பொருள் மாறுதல் தமிழ் பயில்வார் அறிந்ததன்றோ?

செல்லுலோஸின் பிணைப்பை அறுக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. 1933-இல் இங்கிலாந்தில் முதன்முதல் கிடைத்த பாலிதீனின் கார்பன் தொடரையோ அவை எளிதில் அறுக்கமாட்டா. தொடுக்க நன்கு கற்ற மனிதன், அவிழ்க்கக் கற்றது சிறிதே. இரசாயனம் பயிலும் நம் நண்பர்கள் பயன்முடிந்தபின் தானே அவிழும் மாலையைத் தொடுக்க முற்படுவாராக. அதுகாறும் எறியும் கையை அடக்குதல் நம் அனைவர்க்கும் கடன்.