இணையம் அறுந்தது எத்தனை மணிக்கு?

இணையம் அறுந்தால் பலரும் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். காரணமோ பெரும்பாலும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். இணைப்பு விழுந்தது, மீண்டது என நடப்பவற்றை நேரத்தோடு ரவுட்டர் குறித்துவைக்கும் பதிவேடுதான் லாக். பல ரவுட்டர்களில் அணைத்ததும் அது அழிந்துவிடும். எனவே முதலில் படித்துவிட வேண்டும்.

வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் சில ரவுட்டர்கள் 1970 ஜனவரி 1 என்றே நேரம் காட்டும். யூனிக்ஸ் கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. பிறகு, டேவிட் மில்ஸ் வடிவமைத்து 1985 முதல் புழக்கத்தில் உள்ள என்டிபி நெறிமுறை வழியே சரியான நேரத்தைப் பெறும். இத்தகைய ரவுட்டரின் லாக் நடுவே திடீரென 1970 தலைகாட்டினால், ரவுட்டர் மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். அடாப்டரையும் மின் இணைப்பையும் சோதிக்கலாம்.

சிஸ்கோ ரவுட்டர்களில் நேரத்துக்கு முன் நட்சத்திரக் குறி இருந்தால், அந்தக் கடிகாரத்தை நம்ப முடியாது.

நேர வலயத்தையும் கவனிக்க வேண்டும். லாக் உலகப் பொது நேரத்தில் இருந்தால், அதில் 14:30 என்பது இந்தியாவில் இரவு 8 மணி.

வீடியோ அழைப்பு உறையும் நேரங்களைத் தாளில் குறித்து, லாக்கோடு ஒப்பிடலாம். அதே நிமிடத்தில் வெளி இணைப்பு விழுந்திருந்தால் சேவை நிறுவனத்திடம் நேரத்தோடு புகார் செய்யலாம். இல்லையென்றால் வீட்டு வைஃபையை முதலில் பார்க்கலாம்.