புகைக்கு ஒரு கெடு

காலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நாம், கடந்து செல்லும் வண்டிகளின் புகையைச் சுவாசித்துக்கொண்டே நிற்கிறோம். சிறு பிள்ளைகளின் முகமோ புகைக்குழாய்க்கு இன்னும் அருகில் இருக்கின்றது. இப்புகையின் நஞ்சை நீக்க வல்லவர் யார்? வண்டி செய்பவரா? எண்ணெய் விற்பவரா? வாங்குபவரா? ஈயம் கலந்த பெட்ரோலின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

1921-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் எஞ்சினில் எழும் தட்டல் ஓசை நிற்பதைக் கண்டார். செலவு குறைவு, பயன் பெரிது. ஆகவே அது உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஈயம் நஞ்சன்றோ! அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர் சிலர் 1924-லேயே மாண்டனர். புகையோடு வெளிவந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் கலந்து, குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்து, வளரும் மூளையைத் தாக்கிற்று. கற்கும் திறனையே குறைக்கும் நஞ்சு என்றால், மாணவியராகிய நமக்கு அதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

1970-இல் அமெரிக்க அரசு தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையைத் தூய்மைப்படுத்த 'வினையூக்கி மாற்றி' என்னும் கருவி வந்தது. பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய இக்கருவி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். ஆயின், பெட்ரோலில் உள்ள ஈயம் அதன்மேல் படிந்தால் கருவி கெட்டுவிடும். இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஈயமில்லாப் பெட்ரோல் கிடைக்காத ஊரில் புதிய காரை வாங்குவார் யார்? புதிய கார் ஓடாத ஊரில் அப்பெட்ரோலை விற்பார் யார்?

அரசு இருவருக்கும் கெடு வைத்தது. 1974 ஜூலை முதல் பெரிய பெட்ரோல் நிலையங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் கிடைக்கலாயிற்று. 1975-ஆம் ஆண்டுக்கான புதிய கார்களில் பெரும்பாலானவை அக்கருவியுடன் வந்தன. பழைய பெட்ரோலைத் தவறியும் ஊற்றிவிடாதபடி, அவற்றின் பெட்ரோல் தொட்டி வாய் குறுகலாக அமைக்கப்பட்டது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் அந்நாட்டு மக்களின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு சராசரியாக 37 சதவிகிதம் குறைந்தது.

நம் நாட்டிலும் அவ்வழியே பின்பற்றப்பட்டது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அக்கருவி கட்டாயமாயிற்று. ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் அதனைக் கைவிட்டது.

கந்தகத்தின் கதையும் இதுவே. எரிபொருளில் கந்தகம் மிகுந்தால் புகையை வடிகட்டும் கருவிகள் சரிவர இயங்கா. எனவே 2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபொழுது, வண்டியோடு எரிபொருளும் மாறியது. பத்து இலட்சத்தில் 50 பங்காக இருந்த கந்தகத்தின் உச்ச அளவு 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இன்று மின்சார வண்டிகள் வருகின்றன. வழியில் மின்னேற்றும் நிலையம் இல்லையேல் வண்டி வாங்க அஞ்சுவர்; வண்டிகள் இல்லையேல் நிலையம் அமைக்கத் தயங்குவர். மீண்டும் அதே முடிச்சு! 2019 ஆகஸ்டில் மின் வண்டிகளுக்கான சரக்கு சேவை வரியை 12-இலிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தது, அதனை அவிழ்க்கும் முயற்சிகளுள் ஒன்று. எனினும் நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகின்றது. தெருவில் குறையும் புகை அனல்மின் நிலையத்தில் எழுந்தால் வேலை பாதியில் நின்றதாகும். காற்றாலையும் சூரிய ஒளியும் உடன் வளர வேண்டும்.

ஈயம் நஞ்சென்பதை அறிந்தும் அதனை ஒழிக்க உலகிற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வழியைக் காட்டியது விஞ்ஞானம். நாளைக் குறித்தது சட்டம். அந்த நாளை விரைவில் குறிக்கச் செய்வது மக்களின் கடமை. நாளை வாக்களிக்கப் போகும் நாம் இதனை மறவாதிருப்போமாக!