முருகன் சூடிய செங்காந்தள்

மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சி நிலத்தின் தெய்வம் சேயோனாகிய முருகப்பெருமான். அப்பெருமானுக்கு உகந்த மலர்களுள் செங்காந்தளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. வேலன் வெறியாடும் புறத்துறைக்குத் தொல்காப்பியர் 'காந்தள்' என்றே பெயரிட்டார். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், காந்தட் கண்ணி சூடிய திருமுடியினனாக முருகனைக் காட்டுகிறார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் நிரல்பட எண்ணும் மலர் வரிசை காந்தளைக் கொண்டே தொடங்குகிறது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் இதுவே.

இதன் கிழங்கு கலப்பை போல் வளைந்திருத்தலால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகைத் திங்களை ஒட்டிப் பூத்தலால் கார்த்திகைப்பூ என்றும், கண்வலிக் கிழங்கு என்றும் மக்கள் இதனை வழங்குவர். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலுள்ள கொம்பைப் பற்றிக்கொள்ளும். மலர்க்கு இதழ்கள் ஆறு. முதலில் பசுமையாகவும், பின்னர் மஞ்சளாகவும், முடிவில் செந்நிறமாகவும் மாறி, நெளிந்த விளிம்புடன் அவை மேல்நோக்கி நிற்கும்போது, ஏற்றிய தீபச்சுடரே போலத் தோன்றும்.

காந்தள் பல்லாண்டு வாழும் செடியாகும். ஆயினும் அதன் கொடி ஆண்டு முழுவதும் நிற்பதன்று. காய் முற்றியபின் கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். இதனைக் கண்டு, செடி பட்டுப்போயிற்று என்று தொட்டி மண்ணைக் கொட்டிவிடுவோர் உளர். அது தவறு. மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. பழைய கிழங்கு வற்றுவதற்குள் கொடியானது புதிய கிழங்குகளை உண்டாக்கி வைத்திருக்கும். அடுத்த மழை கண்டதும் அவையே முளைக்கும்.

இதனை வளர்க்க விரும்புவோர் ஆனி, ஆடித் திங்களில் கிழங்கை நடலாம். நீர் தேங்காத செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்த மண் ஏற்றது. கிழங்கின் முளை அதன் நுனியில் உள்ளது. அந்நுனி ஒடிந்தால் முளைவிடாது. ஆகவே மெல்லக் கையாளுதல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று விரற்கடை ஆழத்தில் கிடைமட்டமாக வைத்து மண்ணால் மூடுக. கொடி எழுந்தவுடன் மூங்கில் கழியோ கம்பியோ ஊன்றிப் படரவிடுக. வளரும் காலத்தில் மண் காயாமல் நீர் ஊற்றுக. கொடி காய்ந்தபின் நீரை அறவே நிறுத்துக. உறங்கும் கிழங்கில் ஈரம் மிகுந்தால் அது அழுகிவிடும். விதையிட்டும் வளர்க்கலாம், ஆனால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்.

ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் விதைக்காக இதனைப் பயிரிடுகின்றனர். இம்மலரின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்திருப்பதால் தானே சூல்கொள்ளுதல் அரிது. அதனால் உழவர்கள் காலை நேரத்தில் மலர்தோறும் கையால் மகரந்தம் சேர்க்கின்றனர். விதையிலிருந்து பிரிக்கப்படும் கோல்ச்சிசின் என்னும் பொருள், கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்தாகிறது.

அளவறிந்து மருத்துவர் தரும்போது மருந்தாகும் அப்பொருளே, அளவு மீறினால் உயிர்கொல்லும் நஞ்சாகும். கிழங்கு, விதை, இலை, பூ என எல்லாப் பகுதியிலும் நஞ்சு உண்டு. கிழங்கைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று மயங்கி உண்டு உயிரிழந்தோர் உளர். ஆகவே கிழங்கை அடுக்களையில் வைத்தல் கூடாது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் நடுதல் வேண்டும். தொட்டபின் கைகளைக் கழுவுதல் வேண்டும். 'கண்வலி' என்னும் பெயரைக் கொண்டு கண்ணுக்கு மருந்தாக இடுதல் பெருந்தீங்காம். தவறி உண்டவர்க்கு வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.

இறைவனுக்குச் சாத்தும் மலர் வேறு. உண்ணும் பொருள் வேறு. கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நச்சுத்தன்மை கருதி அரளிப்பூவை நிவேதனத்திலும் பிரசாதத்திலும் விலக்கியது. காந்தளுக்கும் அக்கருத்து பொருந்தும். தீர்த்தத்திலும் நிவேதனத்திலும் இம்மலர் கலவாதபடி அடியார்கள் காத்தல் நன்று.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. காட்டிலும் வேலியோரத்திலும் தானே முளைத்த கிழங்கை ஒருவர் தோண்டியெடுத்தால், ஆண்டுதோறும் அங்கே எரிந்த செஞ்சுடர் அன்றோடு அணைந்துபோகும். பயிரிடுவோரிடமிருந்தோ நாற்றங்காலிலிருந்தோ கிழங்கைப் பெற்று நடுவதே முறை. சேயோன் சூடிய மலரைச் சேயோன் மலையிலேயே நிலைக்க விடுதலும் அவனுக்குச் செய்யும் வழிபாடேயாகும்.