தராசுக்கு முத்திரை உண்டு, தெர்மாமீட்டருக்கு?

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடாமல் நாம் வியாபாரம் செய்ய முடியாது. ஆனால் கடையின் பின்கட்டில் சிறிய இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் அதன் தெர்மாமீட்டரைச் சோதித்திருப்பார்கள்? நூறு முட்டை வைத்து நாற்பது குஞ்சுதான் வந்தது என்றால், முட்டை கொடுத்த சந்தைக்காரர் மீது பழி போடுகிறோம். பழி பெட்டிக்குள் தொங்கும் கருவியின் மீதும் இருக்கலாம்.

கோழி முட்டை பொரிய 21 நாட்கள். விசிறி உள்ள பெட்டியில் 99.5 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.5 முதல் 37.8 செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள்! விலை குறைந்த டிஜிட்டல் மீட்டர்களோ ஒரு செல்சியஸ் கூடவோ குறையவோ காட்டக்கூடியவை. புள்ளிக்குப் பின் ஓர் எண் தெரிவதால் அது துல்லியம் என்று நம்பிவிடுகிறோம். வெப்பம் குறைந்தால் பொரிப்பு தள்ளிப்போகும். கூடினால் கரு செத்துப்போகும், அல்லது தொப்புள் ஆறாத நோஞ்சான் குஞ்சு வரும். இரண்டில் சூடு கூடுவதே பெரிய நஷ்டம்.

மீட்டரைக் கொதிநீரில் வைத்து 100 செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்ப்போர் உண்டு. சென்னையில் இது ஓரளவு செல்லும், ஓசூரில் செல்லாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருஷ்ணகிரி அவ்வளவு உயரமில்லை. அங்கே 98-ஐ ஒட்டிக் கொதிக்கும். இதை அறியாதவர், 97 காட்டும் நல்ல மீட்டரை மூன்று டிகிரி குறைவு என்று நினைத்துத் திருகினால் அந்த ஈடு முட்டை போயிற்று! தவிர, சிறிய டிஜிட்டல் மீட்டர்கள் பல கொதிநீரைத் தாங்காது.

ஐஸ் சோதனைக்கு உயரக் கணக்கு வேண்டாம். ஐஸைப் பொடித்து, அது மூழ்காத அளவு தண்ணீர் விட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரின் முனையை நடுவில் சில நிமிடம் வைத்தால் 32 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். ஆனால் 32-ல் சரியாக இருப்பது 100-லும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நமக்கு வேண்டியதோ 100-ல் சரியான கணக்கு.

அதற்கு வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரே போதும். அது துல்லியமாக இருக்க வேண்டிய இடமும் இதே 98 முதல் 102 டிகிரிதான். ஒரு பிளாஸ்கில் 100 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு நன்றாகக் கலக்குங்கள். இன்குபேட்டர் மீட்டரின் முனையை மெல்லிய பாலிதீன் உறையில் இறுக்கிக் கட்டி, இரண்டையும் ஒன்றாக அமிழ்த்தி, எண் நிலைத்த பிறகு ஒப்பிடுங்கள். மீட்டர் ஒரு டிகிரி கூடக் காட்டினால், அதன் மீது ஒரு சீட்டில் ‘1 கழிக்கவும்’ என்று எழுதி ஒட்டுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டுப் பார்ப்பது பயனில்லை. பழைய பாதரச வகையென்றால் ஏறிய அளவிலேயே நின்றுவிடும்; சூடு இறங்கியது தெரியாது.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பல்புக்கு அருகில் தொங்கும் முனை பல்பின் சூட்டைத்தான் சொல்லும். முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில், முட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். விசிறி இல்லாத தெர்மாகோல் பெட்டியில் சூடு மேலே தேங்கும். ஆகையால் முட்டையின் உச்சி மட்டத்தில் 101 முதல் 102 வரை வைப்பார்கள். விசிறி இருந்தாலும் நான்கு மூலையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

(பண்டைய எகிப்தியப் பொரிப்பு அடுப்புகளில் தெர்மாமீட்டர் கிடையாது, முட்டையைக் கண் இமையில் வைத்தே சூடு பார்ப்பார்களாம். அந்தத் தேர்ச்சி நமக்கு வர எத்தனை முட்டை நஷ்டமாகுமோ!)

பெட்டியை ஒரு நாள் முன்பே ஓடவிட்டு வெப்பம் நிலைத்த பிறகே முட்டை வைக்கவும். குளிர்ந்த முட்டை வைத்தவுடன் எண் இறங்கும். அவசரப்பட்டுத் திருகாமல் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். மார்கழியில் நம் பக்கத்துக் குளிருக்கு, ஷட்டர் ஓரத்தில் பெட்டி வைப்பதும் ஆகாது.

நாள் கணக்கை எழுதி வைத்தால் பொரிப்பே ஒரு தெர்மாமீட்டர் ஆகும். 20-ம் நாளே பெரும்பகுதி பொரிந்தால் சூடு கூடுதல். 22, 23 என்று இழுத்தால் குறைவு. அடுத்த ஈட்டுக்கு அரை டிகிரி மட்டும் மாற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது; கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏழாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கரு கூடவில்லை என்று எடுத்த முட்டையைக் கடைத் தட்டில் மீண்டும் வைக்க வேண்டாம். ஒரு வாரம் 100 டிகிரியில் இருந்த சரக்கு அது.