ஒரு சட்டகமா, பல சட்டகங்களா?

மென்பொருள் ஆலோசனை நிறுவனமொன்று ஒரே நிரற்சட்டகத்திற் சிறப்புத் தேர்ச்சி பெறுதல் நன்றோ, பலவற்றைக் கையாளுதல் நன்றோ என்னும் வினா, இத்துறையிற் புகும் இளைஞர் யாவரும் ஆராயற்பாலது.

நிரற்சட்டகமென்பது, பல மென்பொருள்களுக்கும் பொதுவான பணிகளை முன்னரே எழுதிவைத்த அமைப்பாகும். நிரலாளர் தமக்கு வேண்டிய பகுதிகளை அதன்மேற் கட்டுவர்.

ஒன்றையே பயில்வதாலுண்டாகும் நன்மை பெரிது. வேலை விரைவில் முடியும். ஒருவர் விட்டதை மற்றொருவர் தொடரலாம். செலவையும் முன்கூட்டியே செம்மையாக மதிப்பிடலாம். பலவற்றை மேற்கொள்ளுஞ் சிறு நிறுவனத்திலோ, ஒவ்வொன்றையும் ஓரிருவரே அறிவர். அவர் விலகின் வாடிக்கையாளர் இடருறுவர்.

ஆயினும், சட்டகத்தின் போக்கு அதனை ஆக்குவோர் கையிலுள்ளது. கூகிள் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட அங்குலர் ஜேஎஸ் பெரும் புகழ் பெற்றது. 2016 இல் வந்த அங்குலர் 2 அதன் திருத்தமன்று. முற்றும் புதிதாக எழுதப்பட்டது. பழையதற்கு அந்நிறுவனம் அளித்த ஆதரவும் 2021 டிசெம்பருடன் முடிவுற்றது. அதன் தனி வழக்குகளை மாத்திரங் கற்றவர்க்கு அவ்வறிவிற் பெரும்பகுதி பயனற்றதாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே ஆழக் கற்றவர்க்கோ அத்துணை இழப்பில்லை. புதியதற்குரிய டைப்ஸ்கிரிப்ட் மொழி அதன் விரிவேயாகும்.

ஆதலாற் சிறு நிறுவனம் தொழிலுக்கு ஒரு சட்டகத்தையே கொள்ளுதல் தகும். ஆனாற் கல்வியை அதனோடு நிறுத்தலாகாது. அதனடியிலுள்ள மொழி, தரவுத்தளம், இணைய நெறிமுறை என்பவற்றை எல்லோரும் கற்றல் வேண்டும். இரண்டாஞ் சட்டகமொன்றை, வாடிக்கையாளர் பணத்திலன்றி, நிறுவனத்தின் சொந்த வேலைகளிற் பழகிவரலாம். இத்துறையை நாடும் மாணவரும் இவ்வொழுங்கையே மேற்கொள்வாராக.