கணக்கில் நுழைந்த நிறம்

ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவை வைத்துத்தான் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தக் கணக்கில் நிறமும் சேர்ந்திருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால், வரும் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது 2009இல் வந்த சூத்திரம். 1999இல் வந்த பழைய சூத்திரத்திலும் இதே வழக்கம்தான். காரணம், கறுப்பினத்தவருக்குத் தசை அதிகமாம். 'உழைக்கிற கட்டை, ஒன்றும் ஆகாது' என்று சேரி மக்களைப் பார்த்துச் சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தூரம்?

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் அங்கே அளவு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் தொடங்கும். வெள்ளையருக்கு 18 என்று வரும் அதே கிரியேட்டினின், அதே வயது. கறுப்பினத்தவர் என்று எழுதியதும் 21 ஆகிவிடும். முன்னவர் பட்டியலில் ஏறுவார், பின்னவர் வீட்டுக்குத் திரும்புவார்.

கறுப்பின நோயாளிகளும் மருத்துவ மாணவர்களும் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2021இல் நிறம் நீக்கிய சூத்திரம் வந்தது. இழந்த காலத்தைத் திருப்பித் தர மருத்துவமனைகளுக்கு 2023இல் உத்தரவானது. 14,000க்கும் அதிகமானோருக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. இடையில் இறந்துபோனவர்களுக்கு என்ன கிடைத்தது?

நம் ஊர்ப் பரிசோதனைச் சீட்டில் கிரியேட்டினின் எண் மட்டும் இருந்தால், என் வயதுக்குச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள்.